ஏறுறவங்களுக்குத்தான் வழி

உக்காருங்கப்பா, உக்காருங்க. யாரும் எறங்க வேணாம். பேசுறதையும் கொஞ்சம் நிறுத்துங்க. ரேடியேட்டர் கொதிச்சிருச்சு. இந்த வளைவுக்கு வந்தா இது தெனமும் கொதிக்கும், எங்க மாமனார் மாதிரி. கால் மணி நேரம் கண்டுக்காம விட்டோம்னா தானா ஆறிரும்.

கண்ணாடி போட்ட தம்பி, மடியில இருக்குற கல்லைக் கீழ வைக்காதீங்க. ஜீப்பு குலுங்குனா உருண்டு யாரு காலையாவது பதம் பாத்துரும்.

"எதுக்குண்ணே இந்தக் கல்லு?"

கிளம்புனதுலருந்து இதத்தான் கேக்குறீங்க. அஞ்சு பேரு, அஞ்சு வாயி. பின் சீட்டு மூலையில பாருங்க, முட்டியில கட்டுப் போட்டுக்கிட்டு ஒருத்தரு உக்காந்திருக்காரு. உங்களுக்கு ஆளுக்கு ஒரு கல்லு, அவருக்கு ரெண்டு. ஏறுனதுலருந்து ஒரு வார்த்தை பேசுனாரா? அப்படி இருக்கணும்.

சரி, சொல்றேன். என் பேரு காசிமாயன். நான் படிச்சது அஞ்சாப்பு, அதுலயும் பாதி நாளு வாத்தியாரு மாதிரி பேசிக் காட்டி வெளிய நின்னவன். கதையில யாரு பேசுனாலும் அவுக குரல்லயே பேசுவேன். யாரும் கோவிச்சுக்கக் கூடாது. பின்னாடி இருக்குறவரும்தான்.

நீங்க இன்னைக்குச் சைக்கிள்ல எறங்கப் போற தடம் இருக்கே, அது யாரும் போட்ட தடம் இல்ல. குதிரை நடந்து நடந்து விழுந்தது. மேல பூலாம்பாறையில வாழையும் காப்பியும் விளையுது. ரோட்டுல சுத்துனா இருபத்திரண்டு கிலோமீட்டரு. தடத்துல எறங்குனா ஆறு. வேரு, பாறை, சருகு, ஊத்து, எல்லாம் அதது கிடந்த இடத்துல கிடக்குது.

அதுல ஒண்ணு மட்டும் மனுசன் கைவேலை. தடத்துக்குக் குறுக்க, சாய்வா, அங்கங்க ஒரு வரிசை கல்லு பதிச்சிருக்கும். மேலருந்து கீழ வரைக்கும் நாப்பத்தியொரு வரிசை. அதுக்கு யாரும் சம்பளம் குடுக்கல. இந்த மலையில ஏறுறவன் கீழ ஓடையிலருந்து ஒரு கல்லு எடுத்துட்டுத்தான் ஏறணும். எந்த வரிசையில பல்லு போயிருக்கோ அங்க வச்சுட்டுப் போகணும்.

இன்னொண்ணும் உண்டு. சுமையோட ஏறுறவங்களுக்குத்தான் வழி. எறங்குறவன் ஒதுங்கணும். கலெக்டரா இருந்தாலும் சரி, மாப்பிள்ளையா இருந்தாலும் சரி.

மூணு வருசத்துக்கு முன்னாடி கோயம்புத்தூருலருந்து ஒருத்தரு வந்தாரு. நாச்சிமுத்துன்னு பேரு. பம்புசெட்டுக் கடை வச்சிருந்தவரு. அம்பத்தினாலு வயசுல சைக்கிள் ஆசை வந்திருச்சு. என் ஜீப்பை வித்தாலும் அவரு சைக்கிள்ல முன் சக்கரம் மட்டுந்தான் வாங்கலாம். பேச்சுன்னா பேச்சு, அப்படி ஒரு பேச்சு. ஜீப்புல ஏறுனதுலருந்து எறங்குற வரைக்கும் வாய் மூடல.

"ஏனுங் காசி, இந்த மலைக்கு எத்தன வயசுங்? ஏனுங், இங்க கரடி வருமுங்களா? வந்தா நம்மளப் பாத்து என்னங் பண்ணும்?"

உங்க பேச்சைக் கேட்டுத் தப்பிச்சு ஓடிரும்னு சொன்னேன்.

மேலருந்து எறங்குனாரு. பாதி வழியில, வழுக்குப்பாறைகிட்ட, பின்னாடி டிரிங் டிரிங்னு மணிச் சத்தம். திரும்பிப் பாக்குறதுக்குள்ள ஒரு பழைய இரும்புச் சைக்கிளு, முன்னாடி தபால் பை, மேல சேலைய இழுத்துச் செருகுன ஒரு பொம்பளை, அவரைத் தாண்டிப் போயிருச்சு. இவரு உன்னிப் புதருக்குள்ள தலைகீழாக் கிடந்தாரு.

அதுதான் ஒச்சம்மா. பூலாம்பாறைத் தபால் ஆபீஸ்னா ஒச்சம்மா வீட்டு முன் ரூம்புதான். அப்ப முப்பது வயசு இருக்கும். காலையில பையோட எறங்கும். அடிவாரத்து ரோட்டு விலக்குல பஸ்ஸுக்காரன்கிட்ட அதைக் குடுத்துட்டு, வந்த பைய வாங்கிக்கிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கிட்டு ஏறும். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசும். அதுல எட்டு, கடுதாசி வாங்குறவுக பேரு.

நாச்சிமுத்து உடம்பெல்லாம் முள்ளோட விலக்குக்கு வந்து நின்னாரு.

"ஏனுங் அம்மிணி, இத்தன வேகமா எப்புடீங் எறங்குனீங்க? எனக்குச் சொல்லிக் குடுங். நீங்கதான் என்ற குரு."

ஒச்சம்மா பைய வாங்குச்சு. ஓடையில எறங்கி ஒரு கல்லை எடுத்துப் பைக்குள்ள போட்டுச்சு.

"ஏறி வாங்க சார்."

"இல்லீங், ஏறறது எனக்குத் தெரியுமுங். எறங்கறதுதானுங் கத்துக்கோணும்."

"ஏறி வாங்க."

அம்புட்டுத்தான். மனுசன் கடைய மருமகன்கிட்ட விட்டுட்டு என் வீட்டு மாடி ரூம்புக்குக் குடிவந்துட்டாரு. தெனமும் அந்தச் சொகுசுச் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு, பொரண்டு பொரண்டு, ஒச்சம்மா பின்னாடி ஏறுவாரு. கல்லு மட்டும் எடுக்க மாட்டாரு. வாங்குன சைக்கிளே எடை கம்மியா இருக்கணும்னு வாங்குனது, அதுல போயிக் கல்லை ஏத்துவாங்களான்னு கேப்பாரு. ஒச்சம்மா தன் கல்லைத் தூக்கிக்கிட்டு நடக்கும்.

ஒருநாள் எதுக்க ஒரு குதிரை சுமையோட ஏறி வந்துச்சு, இவுக ரெண்டு பேரும் எறங்கிட்டு இருந்தாக. ஒச்சம்மா சைக்கிளைச் சரிவுல சாச்சுட்டு ஒதுங்கிருச்சு. இவரு நடுவுல நின்னு, "ஏனுங் குதிர, சித்த நகருங்"ன்னாரு. குதிரை நகத்துச்சு, இவரை. மறுபடியும் உன்னிப் புதரு.

ரெண்டு மாசம் இப்படிப் போச்சு. ஒருநாள் பொறுக்க முடியாமக் கேட்டாரு.

"அம்மிணி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங். எங்க பிரேக் புடிக்கோணும், எங்க விடோணும்?"

ஒச்சம்மா நின்னுச்சு. தண்ணி பாட்டிலைத் தொறந்து தடத்துல ஊத்துச்சு. தண்ணி சரிவுல ஓடுச்சு. கல்வரிசைக்கு வந்துச்சு. அங்க மெதுவாகி, வரிசையோடயே சாஞ்சு, ஓரத்துப் பள்ளத்துல எறங்கிப் போயிருச்சு. ஒச்சம்மா காலி பாட்டிலை மூடிட்டு நடந்துருச்சு.

சாயந்தரம் என்கிட்ட வந்து குதிக்கிறாரு.

"காசி, காசி! புடிச்சுப்போட்டனுங்! தண்ணி நேரா ஓடி வருது. கல்லு வந்து தடுக்குது. கல்லு இல்லாட்டி? ஒரே ஓட்டமுங்! அம்மிணி வாயில சொல்லாமச் சொல்லிப்போட்டாங்க."

நானும் ஒரு முட்டாளு. சிரிச்சுட்டு விட்டுட்டேன்.

அந்த வாரம் ஒச்சம்மா ரெண்டு நாள் திண்டுக்கல்லுக்கு டிரெய்னிங் போயிருந்துச்சு. இவரு கடப்பாரை வாங்குனாரு. மேலருந்து முதல் பதினோரு வரிசைய நெம்பி எடுத்து, கல்லை எல்லாம் பள்ளத்துல உருட்டி விட்டுட்டாரு. மண்ணை மெழுகுன மாதிரி தேச்சும் வச்சுட்டாரு. ஒச்சம்மா திரும்பி வந்ததும் கூட்டிட்டுப் போயி நிறுத்துனாரு.

"இது என்ற குருதட்சிணைங் அம்மிணி!"

ஒச்சம்மா பாத்துச்சு. வானத்தைப் பாத்துச்சு. வீட்டுக்குப் போயிருச்சு.

மறுநாள் மத்தியானம் கோடை மழை. ரெண்டு மணி நேரம். அந்தத் தண்ணிக்கு ஒதுங்க இடமில்ல. நேரா ஓடுச்சு, இவரு சொன்ன மாதிரியே ஒரே ஓட்டம். மழை விட்டுப் பாத்தா தடம் இல்ல. இடுப்பு ஆழத்துக்கு ஒரு வாய்க்கா கிடக்குது.

குதிரை எறங்க முடியல. எட்டு நாள் வாழைத்தாரு மேலயே பழுத்து அழுகுச்சு. ஊரே ஈ.

அந்த ஈயோட சேந்து இன்னொருத்தரும் வந்தாரு. மோகன்ராம்னு ஒரு காண்டிராக்டரு. ஒரு வருசமாவே தடத்தைக் குடுங்க குடுங்கன்னு ஊரைச் சுத்துனவரு. அவரு பேசுறதே தனி.

"பிரதர், வேர்ல்ட் கிளாஸ் டிரெயில் பண்ணித் தர்றேன் பிரதர். ஸ்மூத்தா இருக்கும். மேல ஒரு கேட்டு, கீழ ஒரு கேட்டு. உள்ள டிக்கெட் இருந்தா மட்டும்தான்."

"அப்ப குதிரை?"

"குதிரைக்கு ஏன் பிரதர் வேர்ல்ட் கிளாஸ்?"

ஊரு ஒத்துக்கல. அப்பத்தான் நம்ம ஆளு வாய்க்கா வெட்டிக் குடுத்துட்டாரே. மோகன்ராம் அதைப் படம் புடிச்சாரு. எந்த ஆபீஸுல காட்டுனாரோ தெரியாது, பாதை ஆபத்தா இருக்கு, ஜேசிபி விட்டு அகலப்படுத்தலாம்னு ஒரு ஆர்டரோட வந்துட்டாரு. திங்கக்கிழமை வண்டி எறங்கும்னு சொல்லிட்டுப் போனாரு.

ஞாயித்துக்கிழமை பகல்ல நாச்சிமுத்து ஒச்சம்மா வீட்டு வாசல்ல போயி நின்னாரு. நானும் கூடப் போனேன். அடி விழுந்தா தூக்கிட்டு வரணும்ல. ஒச்சம்மா மறுநாள் பைக்கான கடுதாசிக்கு முத்திரை குத்திக்கிட்டு இருந்துச்சு. டக்கு. டக்கு.

"அம்மிணி, நாம் பண்ணுன பாவமுங் இது. நீங்க சொல்லுங். கோயமுத்தூர்ல பெரிய வக்கீலு இருக்காருங், கேசு போடலாமுங். இல்லாட்டி ஜேசிபிக்கு முன்னால போயிப் படுத்துக்கறனுங். பேப்பர்ல போடுவாங்க. மந்திரிக்கு மனு எழுதட்டுங்களா?"

டக்கு.

"எத்தனை வரிசை எடுத்தீங்க?"

"பதினொண்ணுங்."

"கல்லு எங்க?"

"பள்ளத்துல போச்சுங். ஓடைக்கே போயிருக்குமுங்."

"அப்ப கீழ போங்க."

"போயிங்?"

"ஏறி வாங்க."

மனுசன் வாயத் தொறந்தாரு. மூடிட்டாரு. நான் பாத்து, முதல் தடவையா.

அன்னைக்கு ஞாயிறு, தபாலு கிடையாது. ஆனா ஒச்சம்மா பைய மாட்டிக்கிட்டு வீடு வீடாப் போச்சு. வீட்டுக்கு ஒரு பேச்சு. "நாளைக்கு ஓடையிலருந்து ஏறணும்." என்ன ஏதுன்னு யாரும் கேக்கல. அந்தப் பிள்ளை அம்புட்டு வார்த்தை பேசுதுன்னா அது தந்தி மாதிரி.

திங்கக்கிழமை விடிஞ்சதும் ஓடைக்கு எறங்குனேன். எனக்கு முன்னாடி நாச்சிமுத்து அங்க. சைக்கிள் இல்ல. தலையில துண்டைச் சுருட்டி வச்சு, அது மேல ஒரு கல்லு. மூஞ்சி மிளகாப்பழமா இருக்கு. நான் கேலி பேசலாம்னு வாயெடுத்தேன். அவரு கழுத்து நடுங்குறதப் பாத்தேன். நானும் ஒண்ணைத் தூக்கிக்கிட்டேன்.

ஊரே வந்திருச்சு. பன்னெண்டு குதிரை, ரெண்டு பக்கமும் சாக்குல கல்லு. மகளிர் சங்கத்துப் பொம்பளைங்க கூடையில கல்லு. முன்னாடி ஒச்சம்மா, தலையில கல்லு, தோள்ல தபால் பை. அன்னைக்கும் தபால் ஏறத்தானே செய்யணும்.

மேல மொத ரெண்டு பர்லாங்கு தடம் அகலம், டிராக்டரே வரும். அதுக்குக் கீழ ஒத்தைக் குதிரைதான் போகலாம். அந்தக் கழுத்துக்கிட்ட நாங்க ஏறி வாரோம், மேலருந்து ஜேசிபி எறங்கி வருது. முன்னாடி மோகன்ராம், தொப்பி, வாயில விசிலு.

பீப்! பீப்! "ஒதுங்குங்க, ஒதுங்குங்க! வண்டி வருதுல்ல!"

ஒருத்தரும் ஒதுங்கல. குதிரைகூட ஒதுங்கல.

"யாரும்மா நீ?"

"தபால்."

"என்கிட்ட ஆர்டர் இருக்கும்மா!"

ஒச்சம்மா கைய நீட்டுச்சு. மோகன்ராம் குடுத்தாரு. ஒத்தக் கையால கல்லைப் புடிச்சுக்கிட்டு ஒத்தக் கையில காயிதத்தை வச்சு, விலாசம் பாக்குற மாதிரி நிதானமாப் படிச்சுச்சு.

"பூலாம்பாறை மலைச்சாலைன்னு போட்டிருக்கு."

"ஆமா!"

"அப்படி ஒரு சாலை என் தபால்ல இல்ல. அனுப்புனவருக்கே திருப்பிருங்க."

காயிதத்தை அவரு சட்டைப் பையிலயே செருகிருச்சு. மோகன்ராமுக்குத் தொப்பி எகிறுது. "விடுய்யா வண்டிய, இவங்க மேலயே! எல்லாம் தானா ஓடுவாய்ங்க!"

ஜேசிபி டிரைவரு ஒரு ஒல்லிப் பையன். கல்வராயன் மலைப் பக்கம்னு பெறகுதான் தெரியும். அவன் தலைய வெளிய நீட்டி எங்களை வரிசையாப் பாத்தான். மொதல்ல தலையப் பாத்தான், பெறகு தலைமேல கல்லைப் பாத்தான்.

"சார், முடியாது சார்."

"ஏய்யா?"

"சுமையோட ஏறுறாங்க சார். நான்தான் ஒதுங்கணும். எங்க மலையிலயும் அப்படித்தான்."

"சம்பளம் குடுக்குறது நானா, மலையா?"

"ஒதுங்க எடமில்ல சார். ரிவர்ஸ் எடுக்குறேன்."

எடுத்தான் பாருங்க! பீ... பீ... பீ... அந்தச் சத்தம் எனக்கு இன்னைக்கும் கேட்டா சிரிப்பு வந்துரும். அம்மாம் பெரிய மஞ்ச வண்டி, வாழைத்தாரு தூக்குற கொக்கி மாதிரி கைய மடக்கிக்கிட்டு, பின்னாடியே போகுது. நாங்க ஏறுறோம். பழைய வரிசை இருந்த இடம் வந்ததும் நிக்குறோம். கல்லை எறக்கி வைக்குறோம். மறுபடி ஏறுறோம். அது மறுபடி பீ... பீ... ஒண்ணு, ரெண்டு, மூணு. கல்லு தீந்தவன் பக்கத்துப் பள்ளத்துல எறங்குவான், இன்னொண்ணோட வருவான். உச்சியில ரோட்டுக்கு அது ஏறுறப்போ பொழுது உச்சிக்கு வந்திருச்சு. பதினோராவது வரிசையும் அடுக்கியாச்சு. வச்சதுதான், பதிக்கல. பதிக்க இன்னும் ஒரு வாரம் ஆச்சு.

கடைசி கல்லை வச்சது நாச்சிமுத்து. உள்ளங்கை ரெண்டும் தோலு உரிஞ்சு தொங்குச்சு.

மோகன்ராம் ரோட்டுல நின்னுக்கிட்டுக் கத்துறாரு. "நாளைக்கு வருவேன்! போலீஸோட வருவேன்! ரெண்டு ஜேசிபி கொண்டாருவேன்! எத்தனை நாளைக்கும்மா நிப்பீங்க?"

ஒச்சம்மா தலைத் துண்டை உதறுச்சு.

"நிக்கல சார். நாங்க தெனமும் ஏறுறோம்."

அவரு சொன்ன மாதிரியே வந்தாரு, பொய் சொல்லக் கூடாது. ரெண்டாந் தடவை வந்தப்போ ஒரே ஒரு குதிரை, உப்பு மூட்டையோட ஏறி வந்துச்சு. பீ... பீ... திரும்பிட்டாரு. மூணாந் தடவை விடியக் கருக்கல்ல வந்தாரு, யாரும் இருக்க மாட்டாகன்னு. அந்தக் கழுத்துல ஒத்தை ஆளு. தலையில ஒரு கல்லு. நாச்சிமுத்து.

"பெரியவரே, நீங்களாவது சொல்றதைக் கேளுங்க. நீங்க பிசினஸ்மேன். உங்களுக்கு லைஃப் டைம் பாஸ் தர்றேன். நீங்களும் சைக்கிள்காரர்தானே? ஸ்மூத்தான ரோடு வேணாமா?"

தம்பிகளா, அந்த மனுசன், கரடிய விசாரிச்ச மனுசன், குதிரைகிட்ட மரியாதையா வழி கேட்ட மனுசன், ஒரு சொல்லு பேசல. மோகன்ராம் முக்கா மணி நேரம் பேசுனாரு. இவரு கல்லோட நின்னாரு. தலையில கல்லு ஆடல. கடைசில மோகன்ராமுக்கே பேச்சுத் தீந்து போச்சு. அப்பப் போனவருதான்.

அன்னைக்கு ஒச்சம்மா காலைப் பையோட எறங்கி வந்துச்சு. கழுத்துல இவரு இன்னும் நிக்குறாரு. எறங்குறது தான்தானே, அதனால சைக்கிளைச் சரிவுல சாச்சுட்டு ஒதுங்கிருச்சு. குரு ஒதுங்குச்சு, சிஷ்யன் கல்லோட தாண்டிப் போனாரு. அவரைத் தேடிப் போன நான் பின்னாடி நின்னு பாத்தேன்.

மறுநாள் அவரு சைக்கிளோட வந்து நின்னாரு. கேள்வியெல்லாம் இல்ல. ஒச்சம்மாவே சொல்லுச்சு, "எறங்குவோமா சார்?"

முன்னாடி இரும்புச் சைக்கிளு, பின்னாடி சொகுசுச் சைக்கிளு. ஒவ்வொரு வரிசையிலயும் மெதுவானாரு, சாஞ்சாரு, போனாரு. விழல. உன்னிப் புதரு ஏமாந்து போச்சு.

அந்த வாய்க்கா ரெண்டு மழைக்காலத்துல மண்ணு சேந்து தூந்துருச்சு. முழுசா தூரல. மேடும் பள்ளமுமா இன்னும் அலையலையாக் கிடக்கு. அதுலதான் நீங்க எல்லாரும் தாவித் தாவி வீடியோ புடிச்சுப் போடுறீங்க. கேட்டு கிடையாது. டிக்கெட் கிடையாது. குதிரை வந்தா எறங்கி ஒதுங்கணும், அம்புட்டுத்தான்.

சரி, ரேடியேட்டர் ஆறிருச்சு. கல்லை நல்லாப் புடிங்க, கிளம்புறோம்.

என்ன தம்பி? கண்ணாடி போட்ட தம்பிக்கு இன்னும் ஏதோ கேக்கணுமாம். கேளுங்க.

"இல்லண்ணே, கதை நல்லாத்தான் இருக்கு. ஏறுறவன் கல்லு கொண்டாரணும், சரி. ஆனா நாங்க எங்க ஏறுறோம்? ஜீப்புதானே ஏறுது. நாங்க எதுக்குக் கல்லு தூக்கணும்?"

பாத்தீங்களா, கேள்வியப் பாத்தீங்களா! நாலு பேரும் சிரிக்கிறீங்க. சரியான கேள்விதான். பதினாறு வருசமா வாயடிக்கிறவன், என்னையே மடக்கிட்டாரு தம்பி.

இருங்க, பின்னாடி மூலையில ஏதோ அசையுது. மடியில இருக்குற ரெண்டு கல்லையும் நகத்திச் சரியா வச்சுக்கிட்டு, கட்டுப் போட்ட முட்டியத் தடவிக்கிட்டு, அவரு தம்பிய நிமுந்து பாக்குறாரு.

"அப்ப எறங்கறதையும் ஜீப்பே எறங்கிக்கட்டுங்."